அறுத்த கழனியில் வேட்டைநாயை அவிழ்த்து விடலாமா?

கேட்டிருப்பது இதுதான். நெல்லிக்குப்பம் பக்கம் ஊர், சொந்தமாக ஒன்றரை ஏக்கர், வீட்டில் கன்னி என்ற வேட்டைநாய் இனத்தில் ஒரு ஜோடி. சம்பா அறுப்பு முடிந்த நிலத்தில் நாயை விட்டு முயல் பிடிக்கலாமா? நாய் பக்கத்து நிலத்துக்குள் ஓடினால் குற்றமா? எல்லை தாண்டாதபடி நாயைப் பழக்க முடியுமா?

முதல் கேள்விக்குப் பதில்: கூடாது. சொந்த நிலத்திலும் கூடாது, பக்கத்து நிலத்துக்காரர் சரி என்று தலையாட்டினாலும் கூடாது. 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் 'வேட்டை' என்ற சொல்லுக்குக் கொல்வது என்று மட்டும் பொருள் இல்லை. பிடிப்பது, நாயை விட்டுத் துரத்துவது, கண்ணி வைப்பது, விரட்டி ஓட்டுவது, இவற்றில் எதற்கு முயன்றாலும் அது வேட்டைதான். ஆகவே முயல் தப்பித்து ஓடிவிட்டாலும் குற்றம் முடிந்துவிட்டது. 'நாய்தானே புடிச்சுது, நானா புடிச்சேன்' என்பது டீக்கடையில் எடுபடும், வனச்சரகரிடம் எடுபடாது.

நம் ஊர் முயல் 2022ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு அந்தச் சட்டத்தின் 2ஆம் அட்டவணையில், அதாவது பாதுகாக்கப்பட்ட உயிர்களின் பட்டியலில், இருக்கிறது. திருத்தம் நடைமுறைக்கு வந்தது 2023 ஏப்ரல் 1. தண்டனை 3 ஆண்டு வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். நாய் துரத்தும்போது அது முயலா உடும்பா என்று தேர்ந்தெடுத்துத் துரத்தாது என்பதையும் கணக்கில் வையுங்கள். உடும்பும் மயிலும் 1ஆம் அட்டவணை. அங்கே குறைந்தபட்சமே 3 ஆண்டு, அதிகபட்சம் 7 ஆண்டு, அபராதம் 25,000 ரூபாய்க்குக் குறையாது. இன்றைக்கு கடலூர் மாவட்டத்தில் மயில் இல்லாத முந்திரித் தோப்பைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். போன வண்டி, வைத்திருந்த டார்ச், வலை எல்லாம் பறிமுதல் ஆகும். கறி கையில் இருந்தால் அது சட்டப்படி வந்தது என்று நிரூபிக்க வேண்டிய பொறுப்பு வைத்திருப்பவர் தலையில்தான் விழும். 'அபராதம் கட்டிட்டு வந்துடலாம்' என்ற பழைய கணக்கும் இப்போது ஒத்துவராது. நீதிமன்றம் போகாமல் துறையிடமே கட்டி முடிக்கும் தொகையின் உச்சவரம்பு 25,000 ரூபாயிலிருந்து 5 லட்சத்துக்கு ஏறிவிட்டது. 1ஆம் அட்டவணை உயிருக்கு அந்த வழியும் கிடையாது.

இனி இரண்டாவது கேள்வி, நிலம். சட்டத்தைவிட முதலில் ஒரு சின்னக் கணக்கு.

ஒன்றரை ஏக்கர் என்பது சுமார் 6,070 சதுர மீட்டர். சதுரமாக இருந்தால் ஒரு பக்கம் 78 மீட்டர். கன்னி, சிப்பிப்பாறை மாதிரி பார்வையால் துரத்தும் நாய் மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது என்று குறைத்தே வைத்தாலும் விநாடிக்கு 14 மீட்டர். உங்கள் நிலத்தின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு ஆறு விநாடி கூட ஆகாது. அதற்குள் நீங்கள் பெயர் சொல்லி இரண்டு முறைகூடக் கூப்பிட்டிருக்க மாட்டீர்கள். தமிழ்நாட்டில் ஒரு பண்ணையாளருக்குச் சராசரியாக இருப்பதே 0.75 ஹெக்டேர்தான் என்று 2015-16 வேளாண் கணக்கெடுப்பு சொல்கிறது. ஆக, அவிழ்த்துவிட்ட வேட்டைநாய் எல்லைக்குள் நிற்கும் என்று நினைப்பதே நம் நில அளவுக்குப் பொருந்தாது. ஒரு துரத்தலில் நாலைந்து பட்டாக்களைக் கடந்துவிடும்.

அந்தப் பக்கம் இன்னொரு சிக்கலும் உண்டு. புதுச்சேரியின் பாகூர், நெட்டப்பாக்கம், மண்ணாடிப்பட்டு கொம்யூன் (பஞ்சாயத்து) ஊர்கள் தமிழ்நாட்டு ஊர்களோடு துண்டு துண்டாகப் பின்னிக் கிடக்கின்றன. ஒரு வரப்பு கடலூர் மாவட்டம், அடுத்த வரப்பு புதுச்சேரி. முயலுக்கும் நாய்க்கும் அது தெரியாது, ஆனால் காவல் நிலையமும் வனத்துறையும் நிலப் பதிவேடும் மாறிவிடும். மத்தியச் சட்டம் இரண்டு பக்கமும் ஒன்றுதான் என்பதால் தாண்டிப் போனால் தப்பிக்கலாம் என்பதும் நடக்காது.

அத்துமீறலுக்கு வருவோம். 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 329ஆம் பிரிவு. வெறுமனே ஒருவர் நிலத்தில் கால் வைத்தது மட்டும் குற்ற அத்துமீறல் ஆகாது. குற்றம் செய்யும் எண்ணத்தோடு, அல்லது நில அனுபவத்தில் இருப்பவரை மிரட்டவோ அவமதிக்கவோ தொல்லைப்படுத்தவோ நுழைந்தால்தான் அந்தப் பிரிவு வரும். வழி தவறிய நாயைக் கூட்டிவரப் போனவர் மேல் வழக்கு நிற்பது கடினம். ஆனால் முயல் பிடிக்கப் போனால் நுழைந்த நோக்கமே ஒரு குற்றம். இரண்டும் சேர்ந்துகொள்ளும்: வனச்சட்டம் ஒரு பக்கம், 3 மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம் உள்ள அத்துமீறல் மறுபக்கம். நாயை அடக்கி வைக்காமல் விட்டு மனிதருக்கு ஆபத்து நேரும்படி செய்தால் 291ஆம் பிரிவு தனி. ஆடு மாடு பயிரில் இறங்கினால் பட்டியில் அடைக்க 1871ஆம் ஆண்டுக் கால்நடை அத்துமீறல் சட்டம் இருக்கிறது. அதில் பன்றி, கழுதை, யானை வரை வரிசையாக இருக்கின்றன, நாய் இல்லை. அதனால் நிலத்துக்காரர் உங்கள் நாயைப் பட்டியில் அடைத்துத் தண்டம் வாங்க வழியில்லை. அவருக்கு இருப்பது போலீஸ் புகார், நஷ்டஈடு, இல்லாவிட்டால் கோபம். கடைசியில் சொன்னதுதான் பெரும்பாலும் முதலில் வரும்.

அவர் கோபத்தில் நியாயமும் இருக்கிறது. 'அறுத்த நெலம், சும்மாதானே கிடக்குது' என்பது நாய்க்காரர் பார்வை. சிதம்பரம், காட்டுமன்னார்கோயில் பக்கம் சம்பா அறுப்புக்கு ஏழு முதல் பத்து நாள் முன்பே நிற்கிற நெல்லுக்குள் உளுந்து தெளித்துவிடுவார்கள். அறுவடை இயந்திரம் போன பிறகு பார்த்தால் தாள் மட்டும்தான் தெரியும், குனிந்து பார்த்தால் இரண்டிலை உளுந்து. நாலு நாயும் மூன்று ஆளும் அதில் குறுக்கே ஓடினால் ஓடின தடம் அறுப்பு வரைக்கும் சொட்டையாகவே தெரியும். மல்லாட்டை (நிலக்கடலை) கொல்லையில் பூத்த பிறகு விழுது மண்ணில் இறங்கும் நேரம் நாய் பறித்தாலோ மிதித்தாலோ அந்தச் செடியில் காய் பிடிப்பது அவ்வளவுதான். நாற்றங்கால் சொல்லவே வேண்டாம். சவுக்குக் கன்று நட்ட முதல் மூன்று மாதம், சொட்டுநீர்க் குழாய் மேலாகக் கிடக்கும் கத்தரி, மிளகாய் இவையும் அப்படித்தான். அறுத்த கழனியில் ஆட்டுக்கிடை போட்டிருப்பார்கள், வாத்து மேய்க்க வந்திருப்பார்கள். வேட்டைநாய் ஓடி வருவதைப் பார்த்த கிடை, பட்டி வலையை அறுத்துக்கொண்டு சிதறும். சினை ஆடு விழுந்தால் கருச்சிதைவு. கடிக்கவே இல்லையே என்று சொல்லிப் பயனில்லை.

ஆக, முயலுக்கு இல்லாவிட்டாலும், நாயை நடத்திக் கூட்டிப் போகவோ ஓடவிடவோ அடுத்தவர் நிலத்தைப் பயன்படுத்துகிறீர்கள் என்றால் கேட்டுத்தான் போக வேண்டும். யாரைக் கேட்பது என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். பட்டா யார் பெயரில் என்பது ஒன்று, பயிர் யாருடையது என்பது வேறு. உரிமையாளர் சென்னையில் இருப்பார், குத்தகைக்கோ வாரத்துக்கோ (விளைச்சலில் பங்குக்கு) உழுபவர் இங்கே இருப்பார். முந்திரித் தோப்பில் மாசி முதல் வைகாசி வரை காய் குத்தகைக்கு எடுத்த வியாபாரி தனிக் காவல்காரரைப் போட்டிருப்பார். உரிமையாளர் போனில் 'போங்க' என்றாலும் காவல்காரருக்குத் தெரியாவிட்டால் உங்களை முந்திரிக்கொட்டை திருட வந்தவராகத்தான் நினைப்பார். உழுகிறவர், காவல் இருப்பவர் இருவரையும் முதல் நாள் சாயங்காலமே பார்த்து, எந்த நாள், எத்தனை மணிக்கு, எத்தனை நாய், எந்தப் பக்கமாக நுழைவது, எந்தத் துண்டில் இறங்கக் கூடாது என்று பேசிக்கொள்ளுங்கள். 'எப்ப வேணா வாங்க' என்று அவர் சொன்னாலும் ஒவ்வொரு முறையும் கேளுங்கள். போன வாரம் தரிசாக இருந்தது இந்த வாரம் விதைத்திருக்கும், மருந்து அடித்திருக்கும்.

எல்லை எங்கே என்று சரியாகத் தெரியாதபோது தமிழ்நாட்டுப் பக்கம் நில அளவைத் துறையின் புலப்படத்தை இணையத்தில் சர்வே எண் கொடுத்து எடுக்கலாம். மாவட்டம், வட்டம், கிராமம், புல எண், உட்பிரிவு எண் வேண்டும். படத்தில் பக்க அளவுகள் மீட்டரில் இருக்கும். புதுச்சேரிப் பக்கம் அதன் நில அளவைத் துறையிடம் பார்க்க வேண்டும். படத்தை எடுத்துக்கொண்டு போய்க் கல்லைத் தேடுங்கள். உழவில் புதைந்தோ பிடுங்கியோ போயிருந்தால் சர்வேயர் அளந்து நடுவதுதான் ஒரே வழி. செல்போன் ஜி.பி.எஸ். ஐந்து பத்து மீட்டர் தள்ளிக் காட்டும். அதை வைத்து எல்லைத் தகராறு பேசாதீர்கள், அதற்குப் பதிலாக எல்லைக்கு 15 மீட்டர் உள்ளே நின்றுகொள்ளுங்கள். புறம்போக்கு என்றால் எல்லோருக்கும் பொது, யாரும் கேட்க முடியாது என்ற எண்ணமும் தப்பு. வண்டிப்பாதையில் நடக்கலாம், ஏரிப் புறம்போக்கில் நாயை அவிழ்க்க முடியாது. கார்த்திகை முதல் மாசி வரை பெருமாள் ஏரி, வீராணம் மாதிரி ஏரிகளில் வலசைப் பறவைகள் இருக்கும். ஊசுட்டேரியைப் புதுச்சேரி அரசு 2008ஆம் ஆண்டிலேயே பறவைகள் சரணாலயமாக அறிவித்துவிட்டது. காப்புக்காட்டுக்குள் நாயோடு போவதை யோசிக்கவே வேண்டாம்.

மூன்றாவது கேள்வி, நாய்க்கு எல்லையைப் பழக்குவது. பாதிதான் முடியும். தினமும் காலையில் நீளக் கயிற்றில் கட்டி உங்கள் எல்லை வரப்பு மேலேயே மூன்று நாலு வாரம் நடத்தினால் அந்தச் சுற்று அதற்குப் பழகும், சாதாரண நேரத்தில் வரப்பில் திரும்பிக்கொள்ளும். ஆனால் எதையாவது பார்த்து ஓடத் தொடங்கிய பிறகு வரப்பும் தெரியாது, உங்கள் குரலும் கேட்காது. மோப்ப நாய் தரையில் மூக்கை வைத்து மெதுவாகப் போகும், அதை நிறுத்த நேரம் இருக்கும். கன்னிக்கு எல்லாம் கண்தான். ஓடுவதற்கு முன்னால் ஒன்றிரண்டு விநாடி காது விறைக்கும், உடம்பு அசையாமல் நிற்கும், தலை ஒரே பக்கம் பார்க்கும். விசில் ஊத வேண்டியது அந்த நேரத்தில்தான். தாவிய பிறகு ஊதினால், விசிலுக்கு வரத் தேவையில்லை என்பதைத்தான் நீங்கள் அதற்குக் கற்றுக்கொடுக்கிறீர்கள்.

விசில் பழக்கத்தை மூன்று மாதக் குட்டியிலேயே வீட்டுக்குள் தொடங்குங்கள். ஒரே மாதிரி இரண்டு குறுகிய ஊதல், உடனே கறித்துண்டோ முட்டையோ. நாளைக்குப் பத்து முறை போதும். பிறகு முற்றம், பிறகு 10 மீட்டர் பருத்திக் கயிற்றோடு கொல்லை. நைலான் கயிறு கையையும் நாய்க் காலையும் அறுத்துவிடும். கயிறு இல்லாமல் விடுவது ஐம்பது முறை ஊதினால் ஐம்பது முறையும் வருகிறது என்ற நிலைக்குப் பிறகுதான். வந்த நாயை எக்காரணம் கொண்டும் அடிக்காதீர்கள். ஒருமுறை அடித்தால் அடுத்த முறை பத்தடி தள்ளியே நிற்கும். ஜோடியாக இருப்பவற்றைத் தனித்தனியாகப் பழக்குங்கள், இரண்டும் சேர்ந்தால் ஒன்றை ஒன்று இழுத்துக்கொண்டு போகும். கழுத்துப்பட்டை 4 முதல் 5 சென்டிமீட்டர் அகலம் இருக்கட்டும், இழுத்தால் லேசாக இறுகும் வகையாகவும் இருக்கட்டும். இந்த இனங்களுக்குத் தலை ஒடுக்கம், கழுத்து தடிமன். சாதாரணப் பட்டையைப் பின்னால் இழுத்து உருவிக்கொண்டு போய்விடும். எல்லை தாண்டிய நாய்களில் பல அவிழ்த்துவிட்டவை அல்ல, இப்படி உருவிக்கொண்டவை.

சரி, ஓடப் பிறந்த நாயை ஓடவிடாமல் வைப்பதா? இல்லை. கயிற்று முனையில் துணியோ பையோ கட்டி இழுத்து, நாயை அதன் பின்னால் ஓடவிடுங்கள். பழைய சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பின்சக்கரத்தின் டயர், டியூபைக் கழற்றி வெறும் ரிம்மில் கயிற்றைச் சுற்ற வேண்டும். பெடலைக் கையால் ஒரு சுற்று சுற்றினால் சுமார் 4 மீட்டர் கயிறு வரும். முனையில் வெள்ளை பிளாஸ்டிக் பை, அது படபடப்பதே போதும். 78 மீட்டர் சதுர நிலத்தில் மூலைக்கு மூலை 110 மீட்டர் கிடைக்கும். ஓட்டம் 60 மீட்டருக்கு மேல் வேண்டாம், முடியும் இடம் எல்லைக்கு 25 மீட்டராவது உள்ளே இருக்கட்டும். நிற்பதற்கே அதற்குப் பதினைந்து இருபது மீட்டர் தேவை. நடுவில் உள்வரப்பு இருந்தால் அந்தக் கோட்டை விட்டுவிட்டு நீளமான ஒரே துண்டைத் தேர்ந்தெடுங்கள். வேகத்தில் வரப்பில் மோதி முன்கால் முறிவது அடிக்கடி நடப்பது. சோளத்தட்டை, பருத்திமார் அறுத்த கட்டை நிற்கும் நிலமும் வேண்டாம், பாதம் கிழியும். காலை ஏழு மணிக்குள் மூன்று நாலு ஓட்டம், நடுவில் பத்து நிமிட ஓய்வு. நாக்கு அகன்று தொங்கி, எச்சில் கெட்டியாகி, நடை தள்ளாடினால் வெயில் தாக்கம். சாதாரணத் தண்ணீரை உடம்பு முழுக்க ஊற்றிக் காற்று படவைத்து உடனே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள். கடற்கரை மணலில் ஓட்டலாமே என்று தோன்றும். தை முதல் பங்குனி வரை இந்தக் கரையில் பங்குனி ஆமை முட்டையிட ஏறும், நாய் முதலில் தோண்டுவது அந்தக் குழியைத்தான். அதுவும் 1ஆம் அட்டவணை.

நாயை வைத்துச் சட்டப்படி செய்யக்கூடிய, நிலத்துக்காரரே கூப்பிடக்கூடிய ஒரு வேலை உண்டு: வயல் எலி. பழைய 5ஆம் அட்டவணையில் தீங்குயிராக இருந்தது, அந்த அட்டவணையே எடுக்கப்பட்ட பிறகு பாதுகாப்புப் பட்டியல் எதிலும் இல்லை. இந்தப் பக்கத்து இருளர்கள் இதில் கைதேர்ந்தவர்கள், அவர்களோடு சேர்ந்து செய்வதே நல்லது. அறுப்பு முடிந்ததும் வரப்பில் புது மண் தள்ளியிருக்கும் வளைகளைக் குறித்து, வாய்களில் ஒன்றிரண்டை மட்டும் விட்டு மற்றதை மண்ணால் அடைத்து, பானையில் வைக்கோல் புகை போட்டு ஊத வேண்டும். எலி திறந்த வாய் வழியே வரும், நாய் அங்கே நிற்கும். இதற்குக் கன்னியைவிடச் சின்னத் தெருநாய் கெட்டி என்பதையும் சொல்லிவிடுகிறேன். முடிந்ததும் வெட்டிய வரப்பை அன்றைக்கே மண் போட்டு மிதித்து அடைத்துவிட்டு வர வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த தண்ணீர் கட்டும்போது மடை உடைந்து உங்களைத்தான் தேடுவார்கள். இறங்குமுன் நிலத்துக்காரரிடம் எலி மருந்து வைத்தீர்களா, எப்போது என்று கேளுங்கள். வைத்திருந்தால் நாயை இறக்காதீர்கள். புரோமாடியோலோன் தின்ற எலியை நாய் தின்றால் அன்றைக்கு ஒன்றும் தெரியாது. மூன்று முதல் ஐந்து நாள் கழித்து ஈறிலும் சிறுநீரிலும் ரத்தம் வரும். அதற்கு மருந்து வைட்டமின் கே1, மருத்துவர் வாரக்கணக்கில் கொடுக்க வேண்டியிருக்கும். எலி மூத்திரம் கலந்த சேற்றில் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கும் என்பதால் வெறிநாய்த் தடுப்பூசியோடு லெப்டோ தடுப்பூசியும் ஆண்டுதோறும் போட்டிருக்க வேண்டும்.

காட்டுப்பன்றிக்கு நாய் விடலாமா என்று அடுத்து யாராவது கேட்பார்கள். அதுவும் பட்டியலில் உள்ள விலங்கு, விரட்டிப் பிடிப்பது வேட்டை. பன்றிக் கொம்பு பட்டால் நாயின் வயிறு ஒரே இழுப்பில் கிழியும். பன்றி வரும் கொல்லைகளில்தான் வேறு ஆபத்துகளும் இருக்கின்றன: கிளட்ச் கம்பிச் சுருக்கு, அவுட்டுக்காய் (தீனிக்குள் மறைத்து வைக்கும் வெடி), நேரடி மின்சாரம் இழுத்த கம்பி. முதல் இரண்டும் நாயைக் கொல்லும், மூன்றாவது பின்னால் ஓடும் உங்களையும் கொல்லும். அனுமதி கேட்கப் போகும்போதே 'கம்பி கட்டியிருக்கீங்களா, கிணறு மேட்டுச்சுவர் இல்லாம எங்கயாவது இருக்கா' என்று கேட்டுவிடுங்கள். அனுமதி கேட்பது மரியாதைக்கு மட்டுமில்லை என்பது இங்கேதான் புரியும்.

இவ்வளவுக்குப் பிறகும் நாய் தாண்டிப் போய்விட்டால், பயிருக்குள் இறங்கித் துரத்தாதீர்கள். நாய் மிதித்ததைவிட ஆள் மிதிப்பது அதிகம், நீங்கள் ஓடினால் அதுவும் விளையாட்டென்று ஓடும். எல்லையில் நின்று விசில் ஊதுங்கள். வரவில்லையென்றால் நிலத்துக்காரருக்குப் போன் செய்துவிட்டு, கையில் கம்பு கத்தி எதுவும் இல்லாமல், கயிற்றோடு ஒருவர் மட்டும் வரப்பு வழியே போங்கள். சேதம் இருந்தால் அவர் வந்து பார்ப்பதற்குள் நீங்களே சொல்லுங்கள். கோழியோ ஆட்டுக்குட்டியோ போயிருந்தால் சந்தை விலையை அன்றைக்கே கொடுத்து முடிப்பது நல்லது, நாள் தள்ளினால் விலையோடு வீம்பும் ஏறும். எதிர்ப்பக்கம் இருப்பவருக்கும் ஒரு வார்த்தை: நாய்த்தொல்லைக்குப் போட்டோ எடுத்துப் புகார் கொடுங்கள். விஷம் வைத்து நாயைக் கொன்றால் நியாய சன்ஹிதாவின் 325ஆம் பிரிவில் 5 ஆண்டு வரை சிறை, அந்த விஷத்தை மயில் தின்றால் வழக்கு வேறு இடத்துக்குப் போய்விடும்.

நாய் வாயில் முயலோடு திரும்பி வந்தால் அதை வாங்கிப் பையில் போடாதீர்கள், வீட்டுக்கும் கொண்டுவராதீர்கள். கையில் இருந்தால் அது உங்கள் முயல். நாயைக் கட்டுங்கள், முயல் உயிரோடு இருந்தால் துணியால் மூடி நிழலில் வையுங்கள், எந்த வரப்பில் நிற்கிறீர்கள் என்று பார்த்து, தமிழ்நாடா புதுச்சேரியா, அந்தப் பக்கத்து வனத்துறைக்குப் போன் செய்யுங்கள்.